இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓவியம் எதற்கு? வெறும் கிறுக்கல்தானே?

கேள்வி: என் பையனுக்கு 2 வயது. கிரேயான் கொடுத்தால் இரண்டு நிமிடம் கிறுக்கிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுகிறான். இந்த வயதில் வரைவது, வண்ணம் பூசுவது இதற்கெல்லாம் உண்மையிலேயே பயன் உண்டா? இல்லை, பெற்றோர் படம் எடுத்துப் போட்டுக்கொள்ளத்தானா?

கேள்வியில் இருக்கும் எரிச்சலைப் பார்த்தால், யாரோ தங்கள் வீட்டுப் பிள்ளை வரைந்த யானையை உங்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் ஏதோ ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டுக் கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லையென்றால் மன்னிக்கவும்.

பயன் உண்டு. இரண்டு நிமிடம் என்பதும் அந்த வயதுக்குக் குறைவான நேரமே இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டோம். அங்கேதான் கெடுகிறது. நான் கெடுத்தவள், அதனால் சொல்கிறேன்.

நான் மருத்துவரும் இல்லை, குழந்தை உளவியல் படித்தவளும் இல்லை. ஓரளவு நன்றாக வரைவேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லா வினையும் அந்தத் திறமையிலிருந்துதான் தொடங்கியது.

என் மகனுக்கு 2 வயது முடிந்த சமயம். சமையலறையில் இருந்தேன். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அமைதி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். போய்ப் பார்த்தால் படுக்கையறைச் சுவரில் நீலக் கிரேயானால் சுற்றிச் சுற்றி, சுருள் சுருளாக, அவன் கை எட்டும் உயரம் வரைக்கும். முஷ்டியை இறுக்கி மூடிக் கிரேயானைப் பிடித்துக்கொண்டு தோளிலிருந்து முழுக் கையையும் சுழற்றிக்கொண்டிருந்தான். நான் வந்ததுகூடத் தெரியவில்லை. வாடகை வீடு. கத்தினேன். அப்புறம் ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு தேய்த்தேன். போகவில்லை.

மறுநாளே கலர் பண்ணும் புத்தகம் ஒன்று வாங்கினேன். வாத்து, பந்து, வீடு என்று தடித்த கோட்டில் போட்டிருக்குமே, அதுதான். அவன் கையைப் பிடித்து, "கோட்டைத் தாண்டாம போடு, ஆங், இப்படி" என்று சொல்லிக்கொடுத்தேன். தாண்டாமல் போட்டால் பக்கத்தில் ஒரு தங்க நிற ஸ்டார் ஒட்டுவேன். வெள்ளைத் தாள் கொடுத்தால் நானே ஒரு வண்டி வரைந்து காட்டுவேன். வண்டி நன்றாகவே வரும் எனக்கு. அவன் கண் விரியும். அந்தக் கண்ணுக்காகவே இன்னொன்று வரைவேன்.

சில வாரங்களில் "அம்மா போடு" என்று கிரேயானை என் கையில் திணிக்க ஆரம்பித்தான். வண்டி. இன்னொரு வண்டி. பெரிய வண்டி. பிள்ளைக்கு ஓவியத்தில் என்ன ஆர்வம் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் வரைவதையே விட்டுவிட்டான் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று வயது நெருங்கும்போது என் அம்மா வந்திருந்தார். "கண்ணா, பாட்டிக்கு ஒரு கோடு போட்டுக் காட்டு" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "எனக்கு வராது."

மூன்று வயதுகூட ஆகாத குழந்தைக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? என் வண்டிகளிலிருந்துதான்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நம் மணிக்கட்டில் சின்னச் சின்னதாக 8 எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அந்த இடம் வெறும் குருத்தெலும்பு. 2 வயதில் அவற்றில் இரண்டோ மூன்றோதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். கடைசி ஒன்றுக்குப் பத்து வயது வாக்கில்தான் முறை வரும். கையின் கட்டுப்பாடும் தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கிக் கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. அதனால்தான் ஒன்றரை வயதில் முஷ்டியால் பிடிக்கிறார்கள், மூன்று வயதுக்குள் விரல்கள் கீழ்நோக்கி நீள்கின்றன, மூன்றரை நான்கு வயதில்தான் நாம் பேனா பிடிப்பதுபோல் மூன்று விரல் பிடி வருகிறது. பார்த்து ஒரு நேர்கோடு போட ஏறக்குறைய 2 வயது, வட்டத்துக்கு 3, கூட்டல் குறிக்கு 4. சராசரிதான் இது, முன்னே பின்னே இருக்கும். இப்படிப்பட்ட கையைப் பிடித்துத்தான் வாத்தின் மூக்குக்குள் அடங்கி வண்ணம் தீட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரோடா கெல்லாக் என்று ஓர் அம்மா. அமெரிக்காவில் மழலையர் பள்ளிகளோடு வேலை செய்தவர். குழந்தைகளின் படங்களை லட்சக்கணக்கில் சேர்த்து வைத்து, கிறுக்கல்களில் அடிப்படையாக 20 வகை இருப்பதாகப் பிரித்தார். புள்ளி, படுத்த கோடு, நின்ற கோடு, சுருள் என்று போகிறது அந்தப் பட்டியல். அதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் படுக்கையறைச் சுவர்தான் ஞாபகம் வந்தது. பாதிக்குமேல் அங்கேயே இருந்தன. நான் ஸ்பாஞ்சோடு நின்றேன், ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947இலேயே எழுதியிருக்கிறார்: முதலில் கை போன போக்கில் கிறுக்கல், அப்புறம் தன் கைதான் அந்தக் கோட்டைப் போடுகிறது என்று கண்டுபிடித்துச் செய்யும் கிறுக்கல், அதற்கும் அப்புறம் கிறுக்கலுக்குப் பெயர் வைப்பது. அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குழந்தைக்குத் தன் கோட்டின்மேல் இருக்கும் நம்பிக்கையைக் கெடுக்கும் என்று எச்சரித்தவரும் அவர்தான். என் ஸ்டாருக்கும் அடி விழுந்தது. 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். அந்தப் பிள்ளைகள் என் மகனைவிடக் கொஞ்சம் பெரியவர்கள், அது வேறு நாடு, வேறு காலம் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் பீரோவில் மிச்சமிருந்த ஸ்டார்களை அன்றே எடுத்துப் போட்டுவிட்டேன்.

அவன் திரும்ப வரைய வந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஒரு நாள் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கிக் காய்ந்த சிமெண்ட் தரையில் இழுத்தான். கருப்பாக ஒரு கோடு விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். வெயிலில் கோடு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து காணாமல் போனது. "போச்சு" என்றான். மறுபடி இழுத்தான். மறுபடி போச்சு. அன்றைக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். உங்கள் இரண்டு நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னால் அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் விஷயம். திருத்துவதற்குள் காய்ந்துவிடும். ஸ்டார் ஒட்ட முடியாது, சுவரில் மாட்ட முடியாது, யாருக்கும் அனுப்ப முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீர்தான். ஒரு நாள் கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முட்டியது. "நிலா" என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல, நாய்." எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, நாய்க்கு வால் எங்கே என்று. கேட்கவில்லை. அந்த வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

வரைந்தால் மூளை வளரும், கணக்கு வரும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அப்படி விளம்பரம் செய்யும் வகுப்புகள்மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை. பயன் என்று நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். கைக்கு வேலை, தான் செய்ததால் ஒன்று நடக்கிறது என்ற அதிசயம், அதற்குப் பெயர் வைக்கக் கிடைக்கும் பேச்சு. இரண்டு வயதுக்கு இது போதாதா?

விளையாட்டுப் பள்ளியில் எல்லாம் செய்ய வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். என் மகன் போன இடத்திலிருந்து ஒரு காகித மீன் வந்தது. எல்லாப் பிள்ளைகள் கையிலும் அதே மீன், அதே இடத்தில் ஒட்டிய கண். 2 வயதுக் குழந்தை அந்த மாதிரிக் கண் ஒட்டாது. ஆசிரியைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மீன் கோணலாக இருந்தால் எங்களைப் போன்ற பெற்றோர்கள்தான் போய்க் கேட்போம்.

நீங்கள் செய்துபார்க்க நினைத்தால்: பெரிய தாளாக எடுத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிடுங்கள். தாள் நகர்ந்தால் பாதிப் பிள்ளைகள் அதோடு விட்டுவிடுவார்கள். நிற்கும் உயரத்தில் சுவரில் ஒட்டினால் தோளுக்கும் நல்ல வேலை. இரண்டு மூன்று நிறம் போதும். உடைந்த சிறு கிரேயான் துண்டு விரல் நுனியால் பிடிக்கப் பழக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் எதையும் வாயில் வைக்கிற வயது உங்கள் பையனுக்கு. 3 செ.மீ. சொச்சம் அகலமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் 3 வயதுக்குள் தொண்டை அடைக்கக்கூடியது என்பதுதான் பொம்மைகளுக்கான பாதுகாப்புக் கணக்கு. தடித்த கிரேயானை முழுதாகக் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். வீட்டில் பிசையும் விளையாட்டு மாவில் உப்பு நிறைய இருக்கும், அதைத் தின்ன விடாதீர்கள். நச்சில்லாதது என்று போட்டிருக்கும் வண்ணமும் சாப்பாடு இல்லை. கையை மாற்றி மாற்றிப் பிடித்தால் விட்டுவிடுங்கள், எந்தக் கைப் பழக்கம் என்பது இன்னும் முடிவாகாத வயது. "என்னடா இது?" என்று மட்டும் கேட்க வேண்டாம். அவனுக்கே தெரியாது.

அந்த வாடகை வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. காலி செய்தபோது, சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் கணிசமாகப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடம் ஒழுகிய குழாயைப் பற்றி நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன், அதற்கு ஒரு நாளும் ஆள் வந்ததில்லை. கிரேயானுக்கு மட்டும் அளவு நாடாவோடு வந்தார். போன மாதம் அந்தத் தெருவில் இருக்கும் தோழி சொன்னாள்: பெயிண்ட் அடிக்கவே இல்லையாம், அந்த இடத்தில் ஓர் அலமாரியை நிறுத்தி மறைத்திருக்கிறாராம்.

அப்படியென்றால் அந்த நீலச் சுருள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காசு கொடுத்தவள் நான். ஒரு நாள் போய், அந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.