கால்நடை கேள்வி-பதில்: குதிரை வாயில் கொப்புளம்

கேள்வி: டெக்சஸில் குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறான் என் மகன். ஒரு குதிரையின் நாக்கில் கொப்புளம் கண்டதும் பண்ணையையே பூட்டிவிட்டார்களாம். இது நம்மூர் கோமாரிதானா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. கோமாரி பிளவுபட்ட குளம்புள்ள மாடு, ஆடு, பன்றிக்குத்தான் வரும், குதிரைக்கு வராது. அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அது வெசிகுலர் ஸ்டொமடைட்டிஸாக (வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸ் நோய்) இருக்கலாம். வெறிநோய் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் அது. இண்டியானா, நியூ ஜெர்சி என்று முக்கியமாக இரண்டு வகை. நாக்கு, உதடு, ஈறு, மடிக்காம்பு, காது உள்பக்கம், குளம்பும் தோலும் சேரும் ஓரம் ஆகிய இடங்களில் கொப்புளம் வரும். அது உடைந்து தோல் உரிந்துவிடுவதால், வைத்தியர் வரும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் புண்தான். கூடவே கயிறு கயிறாக எச்சில் வடியும்.

இந்த நோய் மாட்டுக்கு வந்தால் கோமாரியிலிருந்து கண்ணால் பிரித்துச் சொல்லவே முடியாது. 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் கோமாரி கிடையாது. அதனால்தான் அங்கே மாட்டின் வாயில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அரசு கால்நடை அதிகாரி நேரில் வந்து, கோமாரி இல்லை என்று ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்கிறார்.

கேள்வி: இந்த நோய் பற்றிய அமெரிக்க வேளாண் துறையின் நிலவர அறிக்கையில் ‘உறுதியானவை’, ‘சந்தேகத்துக்குரியவை’ என்று இரண்டு கணக்கு இருக்கிறதே, எதை நம்புவது? (வாசகர், நாமக்கல்)

பதில்: இரண்டையும் நம்பலாம், படிக்கும் முறை தெரிந்தால். முதலில், அந்த எண்கள் விலங்குகளின் எண்ணிக்கை அல்ல, பண்ணைகளின் எண்ணிக்கை. ஒரு பண்ணையில் ஒரு குதிரைக்கு வந்தாலும் பத்துக்கு வந்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) முதலில் நோய் கண்ட விலங்கு ஆய்வகச் சோதனையில் உறுதியாக வேண்டும். அதன் பிறகு அதே கவுண்டியில், குதிரைகள் மட்டும் உள்ள பண்ணையில் கொப்புளம் தெரிந்தால் சோதனை இல்லாமலே ‘சந்தேகம்’ என்று பதிந்து பண்ணையைத் தனிமைப்படுத்திவிடுவார்கள். 2019-இல் 8 மாநிலங்களில் 1,144 பண்ணைகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் உறுதியானவை 111, சந்தேகம் 1,033. 111-ஐ மட்டும் பார்த்து ‘சின்ன நோய்ப்பரவல்’ என்று நினைத்தால் தப்புக்கணக்கு. கொலராடோவில் மட்டுமே 693 பண்ணைகள்!

பரவும் திசை தெரிய, புதிதாக எந்தக் கவுண்டி பட்டியலில் சேர்ந்தது என்று பாருங்கள். எனக்கு மொத்த எண்ணைவிட அதுதான் முக்கியம். இந்த வைரஸ் தெற்கு மெக்சிகோவில் நிலையாக இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஏறும்போது ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டியே நகர்வது வழக்கம். ஓடும் நீரில் வளரும் கருப்பு ஈ, ஆடுகளின் நீலநாக்கு நோயால் நமக்குப் பழக்கமான குலிகாய்டஸ் என்ற சிறு கடிபூச்சி, மணல் ஈ மூன்றும் இதைச் சுமக்கின்றன. உறைபனி விழுந்து பூச்சி அடங்கினால் புதுப் பண்ணைகளும் குறையும்.

கேள்வி: கொப்புளம் நன்றாகத் தெரிந்தும் ஆய்வகம் ‘வைரஸ் இல்லை’ என்பது ஏன்? (கால்நடை மருத்துவ மாணவி, சென்னை)

பதில்: பெரும்பாலும் மாதிரி எடுத்த நாள்தான் காரணம். புதுக்கொப்புளத்தின் நீரிலும், உரியும் தோலின் ஓரத்திலும் வைரஸ் நிறைய இருக்கும். புண் ஆறத் தொடங்கிவிட்டால் தேய்த்து எடுக்கும் பஞ்சில் ஒன்றும் சிக்காது. கிருமிநாசினியால் வாயைக் கழுவிய பிறகு எடுத்தாலும் அப்படியே. கழுவும் முன் புண்ணின் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, தொங்கும் தோல்துண்டு இருந்தால் அதையும் சேர்த்து, வைரஸ் கடத்தும் திரவத்தில் போட்டுப் பனிக்கட்டியோடு அனுப்ப வேண்டும்.

கூடவே சீரமும் (ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) எடுங்கள். எலைசா என்ற சீரச் சோதனையில் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள் இருப்பதாக வந்தால் மட்டும் போதாது; பழைய தொற்றின் அடையாளம் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். குறைந்தது 7 நாள் இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து, எதிர்ப்புப் பொருளை அளக்கும் காம்ப்ளிமென்ட் பிக்சேஷன் சோதனையில் அதன் அளவு நான்கு மடங்கு மாறினால்தான் புதுத்தொற்று என்று சொல்ல முடியும்.

கேள்வி: பூட்டிய பண்ணை எப்போது திறக்கும்? மகன் என்ன கவனமாக இருக்க வேண்டும்? (ஈரோடு வாசகரே)

பதில்: கடைசியாக நோய் கண்ட விலங்குக்குக் கொப்புளம் தெரிந்த நாளிலிருந்து 14 நாள். நடுவில் இன்னொரு குதிரைக்கு வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே நோயுற்றதைத் தனியாகக் கட்டி, அதன் தண்ணீர் வாளி, கடிவாளம், தீவனத்தொட்டி எதையும் பிற குதிரைக்குப் பொதுவாக்கக் கூடாது. முரட்டு வைக்கோல் புண்ணைக் குத்தும். ஊறவைத்த மென்தீவனம் கொடுக்கலாம். கருப்பு ஈ பகலில் கடிக்கும், குலிகாய்டஸ் விடியலிலும் அந்தியிலும். எனவே பூச்சிவிரட்டியை ஒருவேளையோடு நிறுத்தக் கூடாது. காதின் உள்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், அங்கேயும் தடவ வேண்டும்.

மனிதருக்கும் இது தொற்றும்: சில நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. வாயைத் திறந்து பார்க்கும்போது கையுறை கட்டாயம். எச்சில் கண்ணில் தெறிக்காமல் கண்ணாடியும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.