என்ன வீடியோ எடுப்பது? பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது

கேள்வி: நான் ஆர்டர் எடுத்து மரச்சாமான்கள் செய்து கொடுக்கிறேன். கட்டில், அலமாரி, மேசை எல்லாம். யூடியூபில் சேனல் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. என்னை அறிமுகப்படுத்தி ஒன்று, பட்டறையைச் சுற்றிக்காட்டி ஒன்று, புது மெஷின் வந்தபோது ஒன்று, செய்து முடித்த சாமான்களின் போட்டோக்களை இசையோடு கோத்து ஒன்று என நாலு வீடியோ போட்டேன். அதற்குமேல் என்ன எடுப்பது என்று ஓடவில்லை. உட்கார்ந்து யோசிக்க நேரமும் இல்லை. வாடிக்கையாளர்கள் கேட்ட சந்தேகத்தையே திரும்பத் திரும்பப் போனில் கேட்கிறார்கள், பதில் சொல்லியே பாதி நாள் போய்விடுகிறது. ஐடியா பிடிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "கேட்ட சந்தேகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேடுவது அதுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற நிலைமையில்தான் தொழில் செய்கிற பெரும்பாலானவர்கள் இருக்கிறார்கள், அதனால் வருத்தப்பட வேண்டாம்.

நாலு வீடியோவோடு சரக்கு தீர்ந்துபோனதற்குக் காரணம் இருக்கிறது. நாலுமே உங்களைப் பற்றியவை. நான், என் இடம், என் மெஷின், என் வேலை. நம்மைப் பற்றிச் சொல்ல யாருக்குமே அவ்வளவுதான் இருக்கும். பார்க்கிறவரோ தன் வீட்டு அலமாரியைப் பற்றிய கவலையோடு வருகிறார். அந்தக் கவலைகள் தீரவே தீராது, ஒருத்தர் போனால் இன்னொருத்தர் வந்துகொண்டே இருப்பார்.

தையல் மெஷின் விற்றுப் பழுதும் பார்க்கும் ஒருவருக்கு வீடியோ எடுக்க உதவப் போயிருந்தேன். என்ன பேசுவது என்று ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் மூளையைக் கசக்கினோம், ஒன்றும் தேறவில்லை. நடுவில் அவருக்கு ஒரு போன். துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று சிக்குகிறது, அடிநூல் சுற்றிய பாபினில் ஏதோ கோளாறு என்று ஒரு பெண் பதறுகிறார். இவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எதிரில் யாரும் இல்லாதபோதும் ரெண்டு கையாலும் காற்றில் நூல் கோத்துக் காட்டியபடியே சொல்கிறார்: "பாபினை விடுங்க, கோளாறு மேல்நூல்ல. கோக்கும்போது அந்தக் காலைத் தூக்கி வெச்சீங்களா?" துணியை அழுத்தும் காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் ரெண்டும் ஒட்டியே இருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது, பிடிமானம் இல்லாமல் தளர்ந்து இறங்கி அடியில் போய்க் குவியும். பார்வைக்கு பாபின் தப்பு மாதிரி இருக்கும். மூணு நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. போனை வைத்துவிட்டு, "தினமும் பத்துப் பேர் இதையே கேட்கிறாங்க" என்று அலுத்துக்கொண்டார். அவருடைய முதல் வீடியோ அதுதான். அவர் காற்றில் கோத்துக் காட்டியதை மெஷினில் கோத்துக் காட்டச் சொன்னேன், வேறு எதையும் மாற்றவில்லை.

ஆகவே யோசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேகரிக்க ஆரம்பியுங்கள்.

முதல் இடம் வாட்ஸ்அப். மேலே தேடும் பெட்டியில் "ஏன்", "எவ்வளவு", "ஆகுமா", "எது நல்லது", "பயமா" என்று ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள், பழைய உரையாடல்கள் எல்லாம் மேலே வரும். வாய்ஸ் நோட்டுகளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அலுப்பான வேலை, ஆனால் மனதில் இருப்பதை மக்கள் ஒளிக்காமல் சொல்வது அதில்தான். கிடைக்கும் கேள்விகளை ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இது முக்கியம். "மரத்தில் ஈரப்பதத்தின் தாக்கம்" என்பது உங்கள் வார்த்தை. "அலமாரிக் கதவு ஏன் இறுகிக்கிட்டுத் திறக்க மாட்டேங்குது" என்பது அவர் வார்த்தை. தேடும்போது அவர் இரண்டாவதைத்தான் அடிப்பார், தலைப்பும் அப்படியே இருக்கட்டும்.

இனி போனில் பேசி முடித்ததும் ஒரு வரி நோட்டில் ஏறட்டும். உங்களிடம் வேலை செய்கிறவர்களையும் கேளுங்கள், குறிப்பாகச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிப் பூட்டிக்கொடுக்கிறவரை. முதலாளியிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். ரெண்டு வாரம் இப்படிச் செய்தால் நோட்டில் முப்பது நாற்பது கேள்வி சேர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

அப்புறம், ஒரு கேள்வி ஒரு வீடியோவோடு முடிவதில்லை. அந்த இறுகும் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதிலும் நார் ஓடும் திசையில் நீளம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை, குறுக்கேதான் அகலம் கூடிக் குறையும். உங்களுக்கு இது பால பாடம், வாங்குகிறவருக்குப் புதுச் செய்தி. ஒரு அகலமான பலகைத் துண்டை எடுத்து, நாருக்குக் குறுக்கே அளந்து பென்சிலால் பலகையிலேயே எழுதுங்கள். ஈரத்துணியில் சுற்றி ரெண்டு நாள் வைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி டேப்பை வைத்துக் காட்டுங்கள். பென்சிலில் எழுதிய எண்ணையும் டேப் காட்டும் எண்ணையும் ஒரே பிரேமில் பார்க்கிறவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இது ஒரு வீடியோ. இறுகியதும் அவசரப்பட்டு இழைப்புளி போட்டுச் சீவிவிடாதீர்கள், காய்ந்த பிறகு இடைவெளி விழும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்பது இன்னொன்று. மேசைப் பலகையை அடிச்சட்டத்தோடு பிணைக்கும்போது, அது உப்பிச் சுருங்க இடம் இருக்கட்டும் என்று திருகு ஓட்டையை நீளவாக்கில் விடுகிறீர்களே, அது மூன்றாவது. அந்த ஓட்டையைத் தப்பு வேலை என்று நினைத்து வாடிக்கையாளர் சண்டைக்கு வந்ததுகூட உண்டாக இருக்கும். பிளைவுட் ஏன் இப்படி உப்பிச் சுருங்குவதில்லை, அடுக்குகளை நாருக்கு நார் குறுக்காக ஒட்டியிருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது என்பது நாலாவது. வெட்டிய ஓரத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலே அந்த அடுக்குகள் தெரியும். ஒரு போன் காலில் இருந்து நாலு வீடியோ.

இதில் பெரும்பாலானோர் தவிர்க்கும் கேள்விகள் சில உண்டு, என் பார்வையில் அவைதான் முதலில் எடுக்க வேண்டியவை. விலை ஏன் இவ்வளவு, உங்கள் சாமானில் என்ன குறை, வேறொருவரிடம் வாங்குவதா உங்களிடம் வாங்குவதா, தொழிற்சாலையில் செய்து வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். பதில் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறோம். உண்மையில் பதில் கிடைக்காததால்தான் ஓடுகிறார்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரிவர் பூல்ஸ் என்று ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனம் இருக்கிறது. 2008 பொருளாதாரச் சரிவில் மூடும் நிலைக்குப் போனது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் அதுவரை கேட்ட கேள்விகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் இணையதளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். அந்தத் துறையில் யாரும் வாயைத் திறக்காத "எவ்வளவு ஆகும்" என்ற கேள்விக்கும், ஃபைபர்கிளாஸில் என்ன பிரச்சினை என்ற கேள்விக்கும் சேர்த்துத்தான். நிறுவனம் பிழைத்தது, வளர்ந்தது. அவர் எழுத்தில் செய்ததை நீங்கள் கேமராவில் செய்யப் போகிறீர்கள்.

விலை என்றால் ஒரே எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்றில்லை. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று காட்டுங்கள். ரெண்டு டிராயரை இழுத்து மேசைமேல் வையுங்கள். ஒன்றின் மூலையில் ஆணி அடித்திருக்கும், இன்னொன்றில் ரெண்டு கை விரல்களைக் கோத்தாற்போலப் பல் வெட்டிப் பொருத்தியிருக்கும். இரண்டாவதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று சொல்லிவிட்டு, எல்லா டிராயருக்கும் அது தேவையா என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். தேவையில்லாத இடத்தில் தேவையில்லை என்று சொல்கிற ஆளைத்தான் மற்ற இடங்களில் நம்புவார்கள்.

தினமும் செய்வதால் உங்கள் கண்ணுக்கே படாமல் போகும் விஷயங்களும் நல்ல சரக்கு. பிளெண்ட்டெக் என்ற மிக்சி நிறுவனத்தின் நிறுவனர் டாம் டிக்சன், தன் மெஷின் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க அதில் மரத்துண்டுகளைப் போட்டு அரைத்துப் பார்ப்பாராம். அவருக்கு அது வெறும் சோதனை. புதிதாக மார்க்கெட்டிங் வேலைக்கு வந்த ஜார்ஜ் ரைட் கண்ணில் அது வேடிக்கையாகப் பட்டது. 2006-ல் அதையே வீடியோ தொடராக எடுத்தார்கள், கோலிக்குண்டு, அப்புறம் ஐபோன் என்று எதையெதையோ அரைத்துக் காட்டினார்கள், உலகம் முழுக்கப் பார்த்தார்கள். உங்கள் பட்டறையில் இருக்கும் அப்படிப்பட்ட வேடிக்கை உங்கள் கண்ணுக்குத் தெரியாது, பழகிப்போய்விட்டது. அதனால் உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை, பதினைந்து வயசுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, அரை நாள் பட்டறையில் உட்கார வைத்து எதைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாடிக்கையாளர் அல்லாதவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், யூடியூப் தேடல் பெட்டியில் "மர அலமாரி" என்று அடித்து நிறுத்துங்கள். கீழே வரும் வரிகள் மற்றவர்கள் தேடியதை வைத்து வருகிறவை. உங்கள் பழைய தேடல் குழப்பாமல் இருக்க பிரவுசரின் இன்காக்னிட்டோ விண்டோவில் பாருங்கள். கூகுள் ட்ரெண்ட்ஸில் யூடியூப் தேடலை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, எந்த மாதத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று ஓரளவு பிடிபடும். இதே தொழிலில் பெரிய சேனல் வைத்திருப்பவர்களின் வீடியோவைவிட அதன் அடியில் பதில் கிடைக்காமல் நிற்கும் கமெண்ட்டுகளைப் படியுங்கள். சாட்ஜிபிடியிடம் "பத்து ஐடியா கொடு" என்று கேட்டால் கொடுக்கும்தான், ஆனால் அதே பத்து இதே தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் கிடைக்கும். உங்கள் நோட்டில் இருக்கும் கேள்விகளைக் கொடுத்து, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்துப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், அதற்கு நன்றாக உதவும்.

எந்தக் கேள்வியை எடுப்பது, எதை விடுவது? நான் பார்ப்பது ஒன்றுதான்: இதைக் கையால் காட்ட முடியுமா? காட்ட ஏதும் இல்லாமல் பேச மட்டும்தான் முடியும் என்றால் அதற்கு வாட்ஸ்அப்பில் எழுதிய பதிலே போதும். டிரெண்டில் இருக்கும் பாட்டுக்குத் தலையாட்டுவதையும் விடுங்கள், அதைப் பார்த்து ஒருவர் கட்டில் ஆர்டர் கொடுக்க மாட்டார்.

நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். யூடியூபின் குட்டி வீடியோவான ஷார்ட்ஸ் முன்பு ஒரு நிமிஷம்தான், 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிஷம் வரை போடலாம், போனில் நீங்கள் சொல்லும் பதில்களில் பாதி அதற்குள் அடங்கிவிடும். எடிட்டிங்கைவிடச் சத்தத்தில் கவனம் வையுங்கள். மெஷின் ஓடும்போது பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் வேலைமேல் விழட்டும், முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை தெரிய வேண்டும்.

போட்ட பிறகு வியூஸ் எண்ணைப் பார்த்து மனம் விட வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்று ஒரு வரைபடம் இருக்கும், அதைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே செங்குத்தாக இறங்கினால் பெரும்பாலும் வணக்கமும் அறிமுகமும் நீண்டுவிட்டது என்று அர்த்தம், அடுத்ததில் நேராகக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். நடுவில் ஒரு இடத்தில் கோடு மேலே எழும்பினால் அங்கே திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள், அந்த இடம் தனி வீடியோவாக வேண்டும். நாற்பது பேர்தான் பார்த்தார்கள் என்றாலும் வீடியோ வீணில்லை. அடுத்த முறை யாராவது அதே சந்தேகத்தோடு கூப்பிட்டால் லிங்க்கை அனுப்புங்கள், பதில் சொல்லியே போகும் அந்தப் பாதி நாளில் கொஞ்சம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

கடைசியாக உங்களைப் போனில் கூப்பிட்டவர் என்ன கேட்டார் என்று நினைவிருக்கிறதா? நோட்டில் முதல் வரியாக அதை எழுதி வையுங்கள். நாளைக் காலை மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், போனை ஒரு மரக்கட்டைமேல் சாய்த்து வைத்து, அவருக்குச் சொன்னதை அப்படியே ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.