யார் கண்டது? கிரேக்க வினை 'ஒய்தா' பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: 'ஒய்தா' என்றால் 'எனக்குத் தெரியும்' என்கிறது அகராதி. இலக்கணப் புத்தகமோ அது செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் வடிவம் என்கிறது. எது சரி ஐயா?

பதில்: இரண்டும் சரி. வேருக்குப் பொருள் 'பார்'. பார்த்தாகிவிட்டது, அதனால் இப்போது தெரியும். நமக்கு இது புதிதும் அல்ல. 'நாளைக்கு மழை வருமா?' என்றால் 'யார் கண்டது?' என்போம். 'கண்டது' இறந்தகாலம், பொருளோ 'யாருக்குத் தெரியும்?'

கேள்வி: ஒருமையில் 'ஒய்தா', பன்மையில் 'இஸ்மென்'. வேறு வேறு வினைகளா?

பதில்: ஒரே வினைதான். ஒருமை: ஒய்தா, ஒய்ஸ்தா, ஒய்தே. பன்மை: இஸ்மென், இஸ்தே, இஸாஸி. ஒருமையின் 'ஒய்' பன்மையில் 'இ' ஆகச் சுருங்குகிறது. பழங்காலக் கிரேக்கக் கவி ஹோமரில் 'இஸ்மென்' இடத்தில் 'இத்மென்' என்றே வரும். 'இத்' என்ற வேர் அங்கே பளிச்சென்று தெரியும். சமஸ்கிருதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'வேத' என்றால் எனக்குத் தெரியும், 'வித்ம' என்றால் எங்களுக்குத் தெரியும். அதே சுருக்கம்! கிரேக்கத்தில் முதலில் இருந்த வகரம் உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வடிவத்தில் மற்ற வினைகளுக்கு முதலெழுத்து பெரும்பாலும் இரட்டிக்கும். இந்த வினைக்கு இரண்டு மொழியிலும் இரட்டிப்பதில்லை. தற்செயலாக இப்படி அமையாது, இரண்டும் ஒரே மூலமொழியிலிருந்து வந்தவை.

கேள்வி: அடுத்த வாரம் தேர்வு. எதில் வழுக்கும்?

பதில்: 'இஸ்தி'யில். 'தெரிந்துகொள்' என்ற ஏவலும் அதுதான், 'இரு' என்ற ஏவலும் அதுதான். இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அப்புறம், 'எய்தெனாய்' (அறிய), 'எய்தோஸ்' (அறிந்தவன்) இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

கேள்வி: கிரேக்க நாடக நாயகன் ஈடிபஸ் பெயரில் இருப்பதும் இந்த 'ஒய்தா'வா?

பதில்: இல்லை. அந்தப் பெயருக்கு 'வீங்கிய காலன்' என்று பொருள். அது வீங்குதலைக் குறிக்கும் வேறு வினை. ஆனால் நாடகாசிரியர் சோபக்ளீஸ் இந்த ஒலி ஒற்றுமையை விடவில்லை. குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸை மட்டம் தட்டும்போது ஈடிபஸ் தன்னை 'ஏதும் அறியாத ஈடிபஸ்' என்று குத்தலாகச் சொல்லிக்கொள்கிறான். மூலத்தில் 'எய்தோஸ்', 'ஒய்திபூஸ்' (ஈடிபஸ்) இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. தன் பெற்றோர் யாரென்றே அறியாதவன் அவன்; தான் சொல்வது முழு உண்மை என்பது அவனுக்குத்தான் தெரியவில்லை.

கேள்வி: 'கிக்னோஸ்கோ'வும் இதே பொருள்தானே?

பதில்: அது தெரிந்துகொள்வது, 'ஒய்தா' தெரிந்திருப்பது.

கேள்வி: இன்றைய கிரேக்கர்கள் இதைப் பேசுகிறார்களா?

பதில்: அன்றாடப் பேச்சில் 'க்ஸேரோ' வந்துவிட்டது. 'கீரியோஸ் ஈதே' போன்ற ஓரிரு தொடர்களில் மட்டும் பழைய 'ஒய்தே' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஈதே' என்பது இன்றைய உச்சரிப்பு. 'ஆண்டவனுக்குத்தான் தெரியும்' என்று கைவிரிக்கும்போது சொல்வது.