‘எனக்கு அந்த வாடை ஆகாது’

கேள்வி: அன்புள்ள அக்கா, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் எங்கள் ஊர். வயது 23. பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் போக ஆசை. திண்டுக்கல்லில் நடந்த முகாமில் எழுத்துத் தேர்வு தேறினேன். நேர்முகத்தில் ‘ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள்’ என்று கேட்டார்கள். ‘மக்களுக்குச் சேவை செய்ய’ என்றேன். எடுக்கவில்லை. இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் 75,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள். பூண்டு விற்ற பணத்தில் அப்பா தருகிறேன் என்கிறார். பாட்டி பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வாடை ஆகாது, அறைப் பக்கம் போவதில்லை. அதனால் வெளியூரில் தங்கிப் படிக்க எனக்குத் தடை ஒன்றும் இல்லை. பணம் கட்டலாமா?
— மேல்மலை வாசகர்

பதில்: தம்பி, பண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டாதே. உன் பட்டமே போதும். 108 அறிவிப்புகளில் நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் படித்தவர்களோடு தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகளையும் கேட்கிறார்கள். வயது 19 முதல் 30 வரை. தேர்வானால் 50 நாள் போல அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். முறையான படிப்புதான் வேண்டுமென்றால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீஷியன் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தவர்கள் சேரலாம். அப்பாவின் பணம் அடுத்த போகத்து விதைப்பூண்டுக்கு இருக்கட்டும்.

2008-ல் 108 தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியதிலிருந்து மலையூர்ப் பிள்ளைகள் இந்தக் கேள்வியை எனக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீயும் நேர்முகத்தில் ஏன் தோற்றோம் என்று காரணம் தேடுகிறாய். காரணத்தை நீயே எழுதிவிட்டாய், போகிற போக்கில், அரை வரியில்: ‘எனக்கு அந்த வாடை ஆகாது.’

எந்த வாடை? மூத்திரத் துணி, படுக்கைப் புண், வாயோரம் வழிந்து காய்ந்த கஞ்சி. ஆம்புலன்ஸின் பின்பக்கத்திலும் அதுதான் இருக்கும். கூடவே ரத்தம், வாந்தி, பனிக்குட நீர். ஒரு பிரசவ வலிக்காரியை ஏற்றிக்கொண்டு பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் வருகிறாய். அங்கே முடியாது, தேனிக்குக் கொண்டுபோங்கள் என்றால் பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை, காமக்காபட்டி என்று மலை முழுக்க இறங்க வேண்டும். கதவு சாத்தியிருக்கும். வளைவுக்கு வளைவு ஒரு கையால் கம்பியையும் மறுகையால் அவளையும் பிடித்துக்கொண்டிருப்பாய். அப்போது வாடை ஆகவில்லை என்றால் எங்கே இறங்குவாய்?

போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்திருப்பாய். பழகத்தான் செய்யும். பழகிக்கொள்ள ஒரு வருடமாக உன் வீட்டிலேயே இடம் இருந்தது, நீ கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாய்.

எனக்குக் கோபம் அடுத்த வரியில்தான். ‘எனக்குத் தடை ஒன்றும் இல்லை’ என்கிறாய். இரண்டு பெண்கள் அந்தக் கட்டிலோடு கட்டுண்டு கிடப்பதால்தான் உனக்குத் தடை இல்லை. உன் அக்கா என்ன படித்தாள், எங்கே வேலைக்குப் போக ஆசைப்பட்டாள் என்று ஒரு நாளாவது கேட்டாயா? வீட்டு ஆண்பிள்ளைக்கு மட்டும் வாடை ஆகாமல் போவதை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். நான் ஒரு தடவைகூட அதை ஒத்துக்கொண்டதில்லை. வளர்த்தவர் படுத்துவிட்டால் பேரனுக்கும் பேத்திக்கும் பங்கு சமம், பீ மூத்திரம் அள்ளுவதிலும் சமம்.

என் மாமனார் பக்கவாதத்தில் இரண்டு வருடம் கிடந்தார். முதல் வாரம் நானும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனேன். அவருக்குப் பேச்சு வராது. ஒரு நாள் என் முந்தானையைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றோடு பொத்துவதை விட்டேன்.

இன்று ராத்திரி அம்மாவைப் போய்ப் படுக்கச் சொல். நீ பாட்டி பக்கத்தில் உட்கார். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணு, 60-லிருந்து 100-க்குள் இருக்க வேண்டும். கையை எடுக்காமல் அப்படியே மூச்சையும் எண்ணு, 12 முதல் 20. மூச்சை எண்ணுவது தெரிந்தால் ஆள் மூச்சு விடுவதையே மாற்றிவிடுவார், அதனால்தான் கையை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. கையைப் பிடித்து இழுத்துவிடாதே, பக்கவாதத்தில் விழுந்துபோன பக்கத்தில் தோள் மூட்டு நழுவிவிடும். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து உன் பக்கமாக உருட்டு. முதுகுக்கு அணைப்பாக ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகாலையும் வால் எலும்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார். சிவந்திருக்கிற இடத்தை விரலால் அழுத்து. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது. கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடு, படுத்தபடி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்புறம் அம்மாவிடம் ஒன்று கேள். பாட்டிக்கு வாய் கோணியது எத்தனை மணிக்கு, வண்டி கிடைத்தது எத்தனை மணிக்கு, தலையை ஸ்கேன் எடுத்தது எத்தனை மணிக்கு? ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சாலை இல்லாமல் வெள்ளகவி கிராமத்துக்காரர்கள் நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமந்து வந்த மலை இது. இங்கே அந்த நாலரை மணி நேரம் எங்கெங்கே போய்த் தொலைந்தது என்று உன் வீட்டுக் கதையிலேயே தெரிந்துவிடும். ‘ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள்’ என்று மறுபடி கேட்டால் அதைச் சொல். சேவை என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

அடுத்த முகாம் எப்போது என்று பத்திரிகையில் பார்த்துக்கொள். வேலை 12 மணி நேரம், ராத்திரியும் உண்டு. எந்த மாவட்டத்தில் போட்டாலும் போக வேண்டியிருக்கும். நீ போகிற அன்று பாட்டியைப் பார்த்துக்கொள்ள யார், எந்த நாளில், எவ்வளவு நேரம் என்று அப்பாவையும் உட்கார வைத்துப் பேசு. அவருக்கும் இரண்டு கை இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுது. பாட்டியின் முதுகில் புண் இருக்கிறதா, எந்த இடத்தில், எவ்வளவு பெரிது என்று எழுது. நேர்முகத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.