உள்ள வர்றதா, வெளில ஓடுறதா?

கடிதம்:

அண்ணா வணக்கம். மன்னார்குடி பக்கம், காலேஜ் ஃபுட்பால் டீம்ல ரைட் பேக், அதாவது வலது ஓரத்துல தடுக்குற ஆளா ஆடுறேன். புது கோச் ஓவர்லேப் போகாத (முன்னாடி ஓரத்துல ஆடுற விங்கரத் தாண்டி லைன் ஓரமா ஓடாத), பால் நம்மகிட்ட இருக்கப்ப மிட்ஃபீல்டுக்குள்ள வந்து நில்லுங்கிறாரு. எனக்கு லைன் ஓரமா ஓடத்தான் பிடிக்கும். இனிமே அப்படி ஓடுற ஃபுல் பேக்குக்கு, அதான் ஓரத்துல தடுக்குறவனுக்கு, வேலையே இல்லயா? எப்படியும் நம்ம ஊர்ல ஆடத் தெரியாதவனத்தானே பேக்ல போடுறாங்க. அப்புறம் இங்கிலாந்து ரைட் பேக்குங்கள்ல டிரெண்டா, கைல் வாக்கரா, யாரு பெஸ்ட்?

பதில்:

தம்பி,

கடைசி கேள்விய விடு, அதுக்கு யூடியூப்ல ஆளு இருக்கு. ஆனா ஆடத் தெரியாதவனத்தானேன்னு போற போக்குல ஒண்ணு எழுதிருக்க பாரு, அது சுருக்குன்னு குத்திருச்சு, கொஞ்ச நாளாவே இதப்பத்திதான் யோசிச்சுட்டு இருந்தேன். பேக் ஆடுற நீயே இப்படிச் சொன்னா வேற எவன் மதிப்பான்?

மேட்டூர் தொறந்து தண்ணி வர்ற வரைக்கும் எங்களுக்கு ஆத்து மணல்தான் கிரவுண்டு. லெஃப்ட் பேக்ல ஒரு அண்ணன், பகல் முழுக்க உளுந்து அடிச்சுட்டு அதே லுங்கியோட வந்து நிப்பாரு. விங்கர் பாஞ்சு வந்தா மத்தவங்க பொசுக்குன்னு கால விட்ருவாங்க, இவரு விடவே மாட்டாரு. ஒருக்களிச்சு நின்னு, முட்டிய மடக்கி, உள்பக்கத்த அடைச்சுக்கிட்டு கூடவே பின்னால போவாரு, விங்கருக்கு லைன் பக்கம் மட்டும்தான் வழி. கடைசில அவன் பால கொஞ்சம் நீட்டித் தட்டுவான் பாரு, அப்பதான் கால் உள்ள போகும். கோல் போட்டவன தோள்ல தூக்கிட்டு கரை வரைக்கும் போவோம், அவருக்கு ஒருத்தன் ஒரு கலர் வாங்கிக் குடுத்து நான் பாத்ததில்ல. ஆடத் தெரியாதவராம்!

சரி, உன் கோச் விஷயம். ஃபுல் பேக் எங்க போகணும்ங்கிறத முன்னாடி நிக்கிற விங்கர்தான் முடிவு பண்றான். 1970 உலகக் கோப்பை ஃபைனல்ல இத்தாலி லெஃப்ட் பேக் ஃபாக்கெட்டி பிரேசில் விங்கர் ஜெயர்சினோவ விடாம ஒட்டிக்கிட்டே போனாரு, ஜெயர்சினோ அவர இழுத்துட்டு உள்ள போனதும் பிரேசிலுக்கு ரைட் பக்கம் மொத்தமா காலி, அந்தக் காலி இடத்துலதான் ரைட் பேக் கார்லோஸ் ஆல்பர்டோ ஓடி வந்து நாலாவது கோல அடிச்சாரு. ஆனா ஜெர்மனி கிளப் பேயர்ன்ல 2013-ல கார்டியோலா கோச்சா வந்தப்ப விங்கர்ஸ் ராபன், ரிபெரி ரெண்டு பேரும் லைன் ஓரமா அகலமா நின்னாங்க, அங்கயே ஃபுல் பேக்கும் போனா கூட்டம்தான் சேரும், அதனால ஃபுல் பேக் லாம், அலாபா உள்ள வந்தாங்க.

இப்ப நல்லா கேளு. உள்ள வர்றதுன்னா நடுவுல நின்னு ஸ்டைலா பாஸ் போடுறதுன்னு நினைச்சுக்காத. பாஸ் ரெண்டாவதுதான். பால் நம்மகிட்ட இருக்கப்பயே அது பறிபோகப் போற நேரத்த யோசிச்சு நிக்கிற இடம் அது. ரெண்டு பேக்கும் மேல ஏறிட்டா நடுவுல தடுக்குற ரெண்டு ஸ்டாப்பர் (சென்டர் பேக்) மட்டும் தனியா மாட்டுவாங்க, எதிராளி ஒரே பாஸ்ல உள்ள பூந்துருவான், மடைய தொறந்து விட்டுட்டு வீட்டுக்குப் போய் தூங்குன மாதிரி ஆயிரும். நீ உள்ள நின்னா அந்த முதல் பாஸ அங்கயே வெட்டலாம், வெட்ட முடியலன்னாலும் அவன நிறுத்தி லைன் பக்கம் ஒதுக்கலாம். 2023-ல மான்செஸ்டர் சிட்டி மூணு கப் அடிச்சப்ப இந்த வேலைய ஸ்டோன்ஸ்ங்கிற சென்டர் பேக்தான் பாத்தாரு, ஏன்னா அங்க நிக்கிறவனுக்கு முதல்ல தடுக்கத் தெரியணும். அதாவது உன்ன உள்ள கூப்பிடுறது தண்டன இல்லடா. நீ தடுப்பன்னு நம்பித்தான் கூப்பிடுறாரு. ராத்திரி பூரா கிளிப்பு பாத்தா இது புரியாது, கிளிப்புல இவன் நிக்கிற இடமே தெரியாது, ஒரு மேட்ச முழுசா பாரு.

ஓடுறவனுக்கு வேலை போயிருச்சான்னு கேட்ட. போகல. 2025 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி இத்தாலி கிளப் இன்டர 5-0ன்னு அடிச்சப்ப முதல் கோல் ரைட் பேக் ஹக்கீமியோடது, லைன் ஓரமாவும் போறாரு உள்ளயும் வர்றாரு, ரெண்டும் தெரிஞ்சு வச்சுருக்காரு. நீயும் ரெண்டையும் கத்துக்க. கோச்கிட்ட முறுக்கிட்டு நிக்காம ஒண்ணு மட்டும் கேளு: நான் உள்ள வந்தா எனக்கு வெளில அகலமா நிக்கப் போறது யாரு? விங்கர்னு சொன்னா அவரு சொல்றபடி ஆடு. யாருமே இல்லன்னா, நீ ஓடலாமான்னு அவருகிட்டயே கேளு.