‘பெடிக்ரி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

நாய்த் தீனி பாக்கெட்டில்தான் நம்மில் பலர் இந்தச் சொல்லை முதலில் பார்த்திருப்போம். நானும் அப்படித்தான். நாய்க்குட்டி வாங்கப் போன இடத்தில், "சார், இதுக்குப் பெடிக்ரி இருக்கு" என்றார் விற்றவர். தீனி இலவசம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவர் நீட்டியதோ ஒரு தாள். குட்டியின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று பெயர்கள் கிளை பிரிந்து போயின.

அதுதான் பொருள்: வம்சாவளி. நம் பழைய சொல்லில் கொடிவழி. முதலில் மனிதர்களுக்குத்தான் வழங்கியது; நாய், குதிரையெல்லாம் அப்புறம்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சுதான் நடந்தது. அந்தப் பிரெஞ்சில் ‘பே தெ க்ரூ’ என்றால் கொக்கின் கால். வம்சாவளிப் பட்டியலில் பெற்றவர் பெயருக்குக் கீழே பிள்ளைகளைக் காட்ட மூன்று கோடு பிரித்து இழுப்பார்கள். பார்க்க, சேற்றில் பதிந்த கொக்குக் கால் மாதிரியே இருக்கும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குள் வந்து, உருமாறிப் பெடிக்ரி ஆனது.

கொக்கு என்றதும் நம் வயல் வெள்ளைக் கொக்கை நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பின்விரல் நீளம், தரையில் நன்றாகப் படும்; தடத்தில் நாலு கோடு விழும். இது கிரேன் பறவை. உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையான சாரஸ் கொக்கு இந்த வகைதான். சுமை தூக்கும் கிரேனுக்குப் பெயர் கொடுத்ததும் இதே இனம். இதன் பின்விரல் குட்டை, சற்று மேலே ஏறியிருக்கும். அதனால் முன்விரல் மூன்றுதான் மண்ணில் பதியும். பெயர் வைத்தவர் பறவையை உற்றுப் பார்த்திருக்கிறார்!

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கொக்குக் காலை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திடமிருந்து ‘பெடிக்ரி’யாகவே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பேச்சில் இன்றும் ‘கொக்குக் கால் போடுவது’ என்றால், யாருக்காகவோ கால்கடுக்கக் காத்து நிற்பது. நம்மூரில் ஒற்றைக் காலில் நின்றால் அது பிடிவாதம். நாய் வாங்கியே ஆக வேண்டும் என்று என் மகள் நின்றது நம்மூர்க் கணக்கில்.