வாக்குத்தத்தமும் வாரிசுரிமையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆதியாகமம் 15-ல் ஆபிராம் மிருகங்களை இரண்டாகப் பிளந்து வைக்கிறாரே, அது பலியா?

பதில்: அங்கே பலிபீடமும் இல்லை, இறைச்சியைத் தகனித்ததாகவும் இல்லை. அது உடன்படிக்கைச் சடங்கு. 3 வயதுக் கிடாரி, 3 வயது வெள்ளாடு, 3 வயது ஆட்டுக்கடா மூன்றையும் நடுவே பிளந்து, பாதிக்கு எதிரே பாதி வைத்து, இடையில் வழி விடுகிறார். காட்டுப்புறாவையும் புறாக்குஞ்சையும் பிளப்பதில்லை. அந்த வழியே நடப்பவர், ‘சொல் தவறினால் எனக்கும் இதே கதி’ என்று ஒப்புக்கொண்டவர் ஆகிறார். இதற்குச் சாட்சி எரேமியா 34. கன்றுக்குட்டியின் துண்டுகளுக்கு நடுவே நடந்துபோன எருசலேம் பிரபுக்கள், விடுதலை செய்த அடிமைகளைத் திரும்பவும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிணங்கள் பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் இரையாகும் என்கிறது தீர்ப்பு.

ஆபிராம் அந்தத் துண்டுகள்மேல் இறங்கிய பறவைகளைத் துரத்துகிறார். பிறகு அயர்ந்து தூங்கிவிடுகிறார். கடவுளுக்கு அடையாளமாகப் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டுமே நடுவே கடந்துபோகின்றன. கடவுளும் ஆபிராமும் சேர்ந்து நடந்ததாகச் சிலர் பிரசங்கிப்பதுண்டு. வசனத்தில் அப்படி இல்லை. அந்த இரவில் பொறுப்பேற்றது ஒரு தரப்புதான். குடும்பத்தின்மேல் கடமை வருவது 17-ஆம் அதிகாரத்தில், 8-ஆம் நாள் விருத்தசேதனத்தோடு. இரண்டு அதிகாரங்களையும் ஒன்றாகக் குழைத்துப் படித்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

கேள்வி: மகன் ஈசாக்குக்காக ஆபிரகாம் (ஆபிராமின் பிற்காலப் பெயர்) எத்தனை வருஷம் காத்திருந்தார்?

பதில்: 25. வாக்குத்தத்தம் பெற்று ஆரான் ஊரைவிட்டுப் புறப்படும்போது வயது 75, இஸ்மவேல் பிறந்தபோது 86, ஈசாக்கு பிறந்தபோது 100. ஏசாவும் யாக்கோபும் பிறக்கையில் ஈசாக்குக்கு 60. ஆபிரகாம் இறந்தது 175-ல். அப்படியானால் பேரன்களுக்கு அப்போது 15 வயது! 25-ஆம் அதிகாரம் தாத்தாவின் மரணத்தை முன்னால் சொல்லிவிட்டுப் பேரன்களின் பிறப்புக்கு வருவதால், அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: சேஷ்டபுத்திரபாகத்தை (மூத்த மகனுக்குரிய பங்கை) எப்படிக் கணக்கிடுவது? யாக்கோபு அதை ஏன் மாற்றினார்?

பதில்: உபாகமம் 21:17-ன்படி மூத்தவனுக்கு இரண்டு பங்கு. மகன்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிச் சொத்தைப் பிரிக்க வேண்டும். 4 மகன்கள் என்றால் 5 பங்கு. மூத்தவனுக்கு 2, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. பிரியமான மனைவியின் மகனுக்காக, பிரியமில்லாதவளின் தலைமகனைத் தள்ளக் கூடாது என்றும் அதே பகுதி தடுக்கிறது. யாக்கோபு வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்போலத் தோன்றும். பிரியமில்லாத மனைவி லேயாளின் தலைமகன் ரூபன் தள்ளப்பட, பிரியமான மனைவி ராகேலின் மகன் யோசேப்புக்குப் பங்கு போகிறது. ஆனால் 1 நாளாகமம் 5 சொல்லும் காரணம் வேறு: ரூபன் தகப்பனுடைய படுக்கையைத் தீட்டுப்படுத்தினான். யோசேப்பின் மகன்களான எப்பிராயீமையும் மனாசேயையும் யாக்கோபு தம் சொந்த மகன்களாக ஏற்றதால்தான் யோசேப்பின் பங்கு இரட்டிப்பானது. ஆட்சியோ யூதாவுக்குப் போயிற்று. ஆகச் சொத்தும் தலைமையும் ஒரே ஆளிடம் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தன் சேஷ்டபுத்திரபாகமும் ஆசீர்வாதமும் பறிபோனதை ஏசாவும் இரண்டு தனித்தனி நஷ்டமாகவே எண்ணுகிறான்.

கேள்வி: தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்ட ஆபிரகாம் கல்லறைக்கு ஏன் விலை கொடுத்தார்?

பதில்: நிலத்தின் சொந்தக்காரன் எப்பெரோன் இலவசமாகத் தருவதாகத்தான் பேச்சைத் தொடங்கினான். ஆபிரகாம் விடவில்லை, நகரவாசலில் சாட்சிகள் கேட்க 400 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். ஆனதோத் ஊரில் எரேமியா தீர்க்கதரிசி ஒரு நிலத்துக்குக் கொடுத்தது 17 சேக்கல்தான். இரண்டுக்கும் காலமும் அளவும் வேறு என்றாலும், எப்பெரோன் கேட்டது கொழுத்த விலை என்றே தோன்றுகிறது. நிலம், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் எல்லாம் கிரயத்தில் சேர்ந்தன. எகிப்தில் மரணப்படுக்கையில் கிடந்த யாக்கோபும், தம்மை அங்கே அடக்கம் செய்யச் சொல்லும்போது, யாரிடம் வாங்கிய நிலம் என்பதைப் பத்திரம் வாசிப்பதுபோல மகன்களுக்கு ஒப்புவிக்கிறார்.